சாமி எதற்கு வந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை புத்தகம் திரும்பி வந்தது. கொடுக்கும்போது பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுக் கொடுத்தேன். வரும்போது முதுகு இரண்டாகப் பிளந்து, சணல் கயிற்றால் கட்டப்பட்டு வந்தது. ஆயிரத்துச் சொச்சம் பக்கமுள்ள புத்தகத்தை மல்லாந்து படுத்துக்கொண்டு படித்தால் அப்படித்தான் ஆகும். ஸ்டீஃபன் கிங் எழுதிய 'தி ஸ்டாண்ட்'. நான்கு வருடமாக என் வட்டத்தில் கைமாறிக்கொண்டிருக்கிறது. யார் எந்தப் பக்கத்தில் நின்றுபோனார்கள், யாருக்கு எங்கே கோபம் வந்தது என்று எழுதிவைக்க வேண்டுமென்று ரொம்ப நாளாக நினைப்பு. கதையின் முடிவு வரை சொல்லப்போகிறேன். படிக்கும் எண்ணம் உள்ளவர்கள் இத்தோடு எழுந்து போய்விடலாம்.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆயுதமாக வளர்த்த சளிக்காய்ச்சல் கிருமி கசிகிறது. காவலாளி ஒருவன் மனைவியையும் குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு தப்பி ஓடுகிறான். டெக்சாஸில் ஆர்னெட் என்ற சிற்றூரின் பெட்ரோல் பங்கில் வந்து மோதி நிற்கிறான். அதற்குப் பிறகு நூற்றுக்கு 99.4 பேர் காலி. மிஞ்சியவர்களுக்குக் கனவு வருகிறது. ஒரு கனவில், நெப்ராஸ்காவின் சோளக்காட்டு ஓரத்தில் 108 வயதுக் கறுப்பினக் கிழவி திண்ணையில் உட்கார்ந்து கிதார் வாசிக்கிறாள். இன்னொன்றில் முகம் தெரியாத இருட்டு மனிதன் ஒருவன். கிழவியை நம்பியவர்கள் கொலராடோவின் போல்டர் நகரில் கூடுகிறார்கள். அவனை நம்பியவர்கள் லாஸ் வேகஸில். ஆக, முதல் பாதி கிருமி, மறு பாதி மாந்திரீகம். இந்தத் தையல் எங்கே போட்டிருக்கிறது என்பதில்தான் வாசகர் சண்டை எல்லாம்.

நான் திருச்சியில் காப்பீட்டு முகவர். 22 வருடம் ஆகிறது. இதைச் சொல்லாமல் எட்டாம் அத்தியாயத்தைப் பற்றிப் பேச முடியாது. நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் ஜோ பாப், வேகமாக வந்த காரை நிறுத்தி அபராதச் சீட்டு கொடுக்கிறார். காரில் இருப்பவர் ஹாரி டிரென்ட், இன்சூரன்ஸ்காரர். சீட்டைப் பணிவாக வாங்கிக்கொண்டு, அந்த நடுரோட்டிலேயே போலீஸ்காரருக்கு வீட்டுக்கும் உயிருக்கும் பாலிசி விற்கப் பார்க்கிறார். ஜோ பாப்புக்குச் சிரிப்பு. ஆனால் கிருமி அதற்குள் அவர் உடம்பில் ஏறிவிட்டது, அங்கிருந்து ஹாரிக்கு. ஹாரி கலகலப்பான மனிதர், தொழிலை நேசிப்பவர், எல்லோரிடமும் கை குலுக்குபவர். அன்றும் மறுநாளும் நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார். அவர் சாப்பிட்ட ஓட்டலில் தொற்றியவர்கள் ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். சங்கிலிக் கடிதம் மாதிரி.

1998இல் முதல்முறை படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அப்போது நான் முகவர் இல்லை. இரண்டாவது முறை படித்தது 2021 கடைசியில். அந்த வருடம் மே, ஜூன் இரண்டு மாதத்தில் மட்டும் 11 இறப்புக் கோரிக்கைப் படிவங்களை என் கையால் நிரப்பியிருந்தேன். அதில் இரண்டு பேர் மார்ச் மாதம் என்னோடு உட்கார்ந்து காபி குடித்தவர்கள். யார் யாருக்குக் கொடுத்தோம் என்பது யாருக்குத் தெரியும்? ஹாரி டிரென்ட் பக்கத்தில் ஒரு பிரீமியம் ரசீதைச் செருகி மூடிவைத்தேன். ரசீது இன்னும் அங்கேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு புத்தகம் அக்கா மகனிடம் போனது. பெங்களூரில் மென்பொருள் வேலை. முதல் நானூறு பக்கத்தை மூன்று ராத்திரியில் முடித்துவிட்டு, கனவுகள் வலுக்கத் தொடங்கியதும் மூடிவிட்டான். "மாமா, நல்ல கணக்குப் பாடத்தின் நடுவில் ஜாதகம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்" என்றான். உலகம் முழுக்க இந்த நாவலைப் படித்தவர்களில் ஒரு பெருங்கூட்டம் சொல்லும் புகார்தான் இது. நோய் பரவும் பகுதியில் ஒவ்வொரு ஆணியும் அறைந்தபடி நிற்கிறது. பிறகு மேலிருந்து ஆணையும் கீழிருந்து சூனியமும் வந்து மனிதர்களை நகர்த்துகின்றன. அவனிடம் நான் வாதாடவில்லை. அவனுக்கு வயது 26. இறப்புச் சான்றிதழ் எத்தனை நகல் எடுக்க வேண்டும் என்று இன்னும் தெரியாத வயது.

தெரு முனையில் ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் பென்சில் வைத்துக்கொண்டு படித்தார். மாந்திரீகப் பக்கங்களில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பயணத்தின் நடுவே ஒருவனுக்குக் குடல்வால் அழற்சி வருகிற இடத்தில் ஓரம் முழுக்கக் கோடு. கிருமிக்குத் தப்பியவன். டாக்டர் கிடையாது. கூட வந்தவர்கள் மருத்துவப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வயிற்றைக் கீறுகிறார்கள்; அவன் செத்துப்போகிறான். "தம்பி, பேயை விடு. நான் பயந்தது இந்த இரண்டு பக்கத்துக்குத்தான்" என்றார் அக்கா. ஊரடங்கு சமயத்தில் பஸ் இல்லாததால் டயாலிசிஸுக்கு வர முடியாமல் போனவர்களைப் பற்றி அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினார். போல்டரில் பிணங்களை எடுத்துப் புதைக்க ஒரு குழு அமைக்கிறார்கள் அல்லவா, அந்த அத்தியாயத்தை இரண்டு முறை படித்தாராம். செத்தார்கள் என்று ஒரு வரியில் கடந்துபோகாமல், யார் தூக்கினார்கள் என்றும் எழுதியிருக்கிறானே என்பதில் அவருக்கு மரியாதை.

மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் கதை தனி. அவருக்குப் பிடித்தது ஒரே ஒரு விஷயம். போல்டரில் மின்சாரத்தை மறுபடி கொண்டுவர முயல்கிறார்கள். மின்சாரம் நின்ற அன்று ஊரில் ஓடிக்கொண்டிருந்த விளக்கு, ஃபிரிட்ஜ், அடுப்பு எல்லாம் அப்படியே போட்டபடி கிடக்கின்றன, ஆள்தான் செத்துவிட்டார்கள். லைனை உயிர்ப்பித்தவுடன் அத்தனை பாரமும் ஒரே நேரத்தில் ஏறிக் கருவி கருகிவிடுகிறது. பிறகு வீடு வீடாகப் போய் சுவிட்சை அணைக்க ஆள் அனுப்புகிறார்கள். "கடவுள், சாத்தான் எல்லாம் இருக்கட்டும். இது தெரிந்து எழுதியிருக்கிறான் பார்" என்று மூன்று நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். மீதிக் கதை அவருக்கு ஞாபகமே இல்லை. முதுகைப் பிளந்தவரும் அவர்தான்.

என் கோபம் வேறு இடத்தில். எழுதிக்கொண்டிருந்தபோது பாதியில் கதை நகராமல் வாரக்கணக்கில் நடந்து நடந்து யோசித்ததாகவும், கடைசியில் ஒரு வெடிகுண்டை வைத்து முக்கியமானவர்களைக் கொன்றபிறகுதான் வழி திறந்ததாகவும் கிங்கே எழுதியிருக்கிறார். அந்தக் குண்டு எனக்குச் சம்மதம். மனிதன் வைத்தது, பொறாமையில் வைத்தது. ஆனால் இறுதியில் லாஸ் வேகஸில், வானத்திலிருந்து ஒரு கை இறங்கி அணுகுண்டை வெடிக்கச் செய்கிறது. எங்கள் தொழிலில் 'தெய்வச் செயல்' என்று ஒரு சொல் உண்டு. புயல், பூகம்பம் போன்றவற்றைச் சொல்வோம். இங்கே எழுத்துக்கு எழுத்து அதுவே நடக்கிறது. இத்தனை பக்கம் நடந்தவர்கள் அங்கே போய் வேடிக்கை பார்த்தார்கள் என்று ஆகிவிட்டது. இதைக் குறை சொன்னவர்கள் நிறையப் பேர். அந்தக் கறுப்பினக் கிழவி வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டுவதற்கென்றே பிறந்தவள் போல இருக்கிறாள் என்று சொன்னவர்களும் உண்டு. அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கிங்கின் நீண்டகால வாசகர்களுக்கு அதிகம் பிடித்த நாவல் இதுதான். இருபது வருடத்துக்கு முன்பே சிறந்ததை எழுதி முடித்துவிட்டாய் என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொல்வது கொஞ்சம் சோர்வு தருகிறது என்று அவரே 2000இல் எழுதினார். 2020 மார்ச்சில் எல்லோரும் அந்த நாவல்தான் நடக்கிறது என்று சொல்லத் தொடங்கியதும், இல்லை, இது அந்த அளவு மோசமல்ல, பிழைத்துவிடலாம், பதறாமல் தக்க முன்னெச்சரிக்கையோடு இருங்கள் என்று அவரே சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

ஐந்தாவது வாசகி என் அம்மா. ஆங்கிலம் தெரியாது. அதனால் நான் கதையாகச் சொன்னேன். போன தை மாதம், மொச்சை உரித்தபடி அவள் கேட்க, பத்துப் பன்னிரண்டு சாயங்காலம் ஓடியது.

அம்மாவின் கன்னத்தில் அம்மைத் தழும்பு இருக்கிறது. பெரியம்மை. லால்குடி பக்கத்துக் கிராமத்தில் ஏழு வயதில் வந்தது. வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வரமாட்டார்கள். அடுப்பில் தாளிப்பு கிடையாது. உடம்பில் எழும்பியதைக் கொப்புளம் என்று யாரும் சொல்லவில்லை, முத்து என்றார்கள். அதே வாரம் அவளுடைய தம்பி போய்விட்டான். அம்மன் இருக்கிற வீட்டில் அழக்கூடாது என்று பாட்டி வாயைப் பொத்தினாளாம். கடைசியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அம்மனை அனுப்பிவைத்தார்கள். இந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதென்று அறிவித்தது 1980 மே மாதம். கிங்கின் நாவல் முதலில் வந்தது 1978 அக்டோபரில். கதை நடப்பதாக அவர் வைத்திருந்த வருடமும் 1980தான். நாவல் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆய்வுக்கூடத்திலிருந்து பரவிய பெரியம்மையால் ஒரு பெண் இறந்தார். பெரியம்மையால் இறந்த கடைசி ஆள் அவர்தான்.

அம்மாவுக்குக் கனவுகள் உறுத்தவே இல்லை. "கிழவி கனவில் வராமல் வேறு எங்கே வருவாள்?" என்று கேட்டாள். எனக்கு ஒரு வாடிக்கையாளரின் மனைவி ஞாபகம் வந்தது. பாலிசிப் பத்திரம் எங்கே என்று தேடித் தேடி அலுத்துப்போனபோது, கணவர் கனவில் வந்து சுவாமி அலமாரிக்குக் கீழே என்று சொன்னாராம். பத்திரம் அங்கே இல்லை. பழைய சூட்கேசில் இருந்தது. ஆனாலும் அவர் சொல்லித்தான் கிடைத்தது என்றார் அந்த அம்மாள். நான் மறுக்கவில்லை, நாமினி பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

நான்கு பேர் மாற்றுத் துணியும் சோறும் தண்ணீரும் எடுக்காமல் லாஸ் வேகஸுக்கு நடந்தே புறப்படுகிறார்கள், கிழவியின் ஆணை என்றேன். "அது சரி" என்று தலையாட்டினாள்; சமயபுரத்துக்கு எத்தனையோ முறை நடந்தவள். கை இறங்கிய இடத்தில், "கை மட்டும்தானா? முகத்தைக் காட்டவில்லையா?" என்றாள். ஏமாற்றம்.

பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. மொச்சைத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"வியாதியைச் சாமி கொடுக்கவில்லை, சர்க்கார்தானே கொடுத்தது?"

"ஆமாம்."

"அப்படியானால் பாதிக் கதையில் சாமி எதற்கு வந்தது?"

நான் படித்த விமர்சனங்கள் எல்லாம் சுற்றி வளைத்துச் சொல்ல முயன்றது இதைத்தான். அம்மாவுக்கு மாந்திரீகம் பிரச்சினையே இல்லை. கொடுத்தவளே எடுக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. முத்தைப் போடுபவளும் அவள்தான், குளிர்விப்பவளும் அவள்தான். சமயபுரத்தில் மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் அம்மனே ஊருக்காகப் பச்சைப் பட்டினி கிடக்கிறாள். துள்ளுமாவும் பானகமும் நீர்மோரும் இளநீரும்தான் அவளுக்கு நைவேத்தியம். அப்படிக் கூடவே பட்டினி கிடக்கிற சாமியைக் கும்பிட்டவளுக்கு, எல்லோரும் செத்தபிறகு வந்து கட்சி பிரிக்கிற சாமி விளங்கவில்லை. அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். "பாட்டி சொல்வதுதான் மாமா என் கட்சியும்" என்றான். இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் போனில் அவனோடு தத்துவம் பேச முடியாது.

அன்று எழுந்து போகும்போது அம்மா இன்னொன்றும் கேட்டாள். எல்லாம் முடிந்தபிறகு அந்த ஊரில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்களா?

"அந்த ஊரில் அப்படி வழக்கமெல்லாம் கிடையாதும்மா."

"அப்படியானால் இன்னும் இறங்கவில்லைடா" என்றாள், முறத்தை எடுத்துக்கொண்டு.

1990இல் வந்த விரிவான பதிப்பில், எல்லாம் முடிந்தபிறகு இன்னும் ஒரு சிறு பகுதி உண்டு. எங்கோ ஒரு கடற்கரையில் அந்த இருட்டு மனிதன் கண் விழிக்கிறான். அதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவே இல்லை.