மறதிக்காகப் போனேன், தூக்கத்தைச் சோதித்தார்கள்

வருகைப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றேன். எதிரே நிற்கும் பிள்ளையின் பெயர் வரவில்லை. ஜூன் மாதத்திலிருந்து தினமும் கூப்பிடுகிற பெயர். விரலை ஓட்டித்தான் கண்டுபிடித்தேன். ஆசிரியர் அறைக்குப் போய் உட்கார்ந்தபோது கை நடுங்கியது.

என் அம்மாவுக்கு அல்சைமர். ஒன்பது வருடம் எங்கள் வீட்டில்தான் வைத்துப் பார்த்தோம். அவளுக்கும் முதலில் போனது பெயர்கள்தான். கடைசி இரண்டு வருடம் என்னைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பாள். ராத்திரி 2 மணிக்கு எழுந்து, சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புவாள். வாசல் கதவை ஒட்டிப் பாய் போட்டு எத்தனையோ இரவுகள் படுத்திருக்கிறேன். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. எனக்கு வயது 53.

எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பரிசோதனைக்குப் போனால் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்களே என்ற பயம். ஒரு நாள் அடுப்பில் பால் பாத்திரம் கருகிப் புகை வந்தும் பக்கத்து அறையில் அசந்து தூங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வாரமே மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போனார்.

முதலில் ரத்தப் பரிசோதனை. பி12, தைராய்டு, சர்க்கரை இவற்றில் கோளாறு இருந்தாலும் மறதி வருமாம். எல்லாம் சரியாக இருந்தன. எம்ஆர்ஐயிலும் பயப்படும்படி ஒன்றுமில்லை. நினைவாற்றல் சோதனையில் 30க்கு 25 வாங்கினேன். கடிகாரம் சரியாக வரைந்தேன். ஆனால் ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, சற்று நேரம் கழித்துக் கேட்டபோது இரண்டுதான் வந்தது.

மருத்துவர் அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிட்டு, "தூக்கம் எப்படிம்மா?" என்றார்.

"படுத்ததும் தூங்கிடுவேன் டாக்டர்" என்றேன்.

இவர் குறுக்கே பேசினார். "குறட்டை விடுவா சார். நடுவுல அப்படியே மூச்சு நின்ன மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு திணறல், திரும்பக் குறட்டை."

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் குறட்டை என்றால் அது அப்பா விடுவது. நான் விட்டால் அசதி. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின், தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் ஸ்லீப் ஆப்னியா என்ற இந்தக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் வாயடைத்துப் போனேன். பகல் தூக்கம் பற்றி எட்டுக் கேள்விகள் கேட்டார். பேருந்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பின், டிவி முன்னால் என்று எல்லாவற்றுக்கும் தூங்கிவிடுவேன் என்றே பதில் வந்தது. முன்பு வேறொரு இடத்தில் மனக்கவலை என்று எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையையும் காட்டினேன். அதுவே நினைவை மங்கச் செய்யக்கூடியது என்றார். ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்.

இரவு முழுக்கத் தூக்கத்தைப் பதிவு செய்யும் ஸ்லீப் ஸ்டடிக்கு இரவு 8 மணிக்குப் போனேன். டெக்னீஷியன் பெண் சீப்பால் என் தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து, பசை தடவி ஒயர்களை ஒட்டினாள். கண்ணோரம், தாடை, கால்கள், நெஞ்சு என்று வரிசையாக ஒட்டிக்கொண்டே போனாள். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, மூக்கில் குழாய், விரலில் கிளிப். "இத்தனையோட எப்படிம்மா தூங்குறது?" என்றேன். "எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க ஆன்ட்டி. தூங்கிடுவீங்க" என்றாள். தூங்கித்தான் போனேன்.

முடிவு: மணிக்கு 34 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருக்கிறது. 5க்குக் கீழே இருந்தால் சரி, 30ஐத் தாண்டினால் கடுமை. ஒவ்வொரு தடவையும் பத்து விநாடியாவது மூச்சு தடைபட, மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்டிருக்கிறது. எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆழ்ந்த உறக்கம் மிகவும் குறைவு. பகலில் பார்த்ததையும் கேட்டதையும், புது நினைவுகளை முதலில் வாங்கி வைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸிலிருந்து எடுத்து மூளை நிலையாகப் பதித்துக்கொள்வதில் அந்த உறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது கிடைக்காவிட்டால் பதிவே சரியாக விழாது.

"அப்போ அம்மாவுக்கு வந்தது எனக்கு வராதா?" என்று கேட்டேன். அவர் வாக்குறுதி எதுவும் தரவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படிந்துபோகும் பீட்டா அமிலாய்டு என்ற புரதம், விழித்திருக்கும்போது மூளையில் கூடுகிறது, தூங்கும்போது குறைகிறது. 2018இல் அமெரிக்காவில் 20 ஆரோக்கியமானவர்களை ஒரே ஓர் இரவு தூங்கவிடாமல் வைத்து ஸ்கேன் எடுத்தபோது, ஹிப்போகாம்பஸ் பகுதியில் அது சுமார் 5 சதவீதம் கூடியிருந்தது. பிரிட்டனில் சுமார் 8,000 அரசு ஊழியர்களை 25 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 50 வயதிலிருந்தே தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதி நோய்கள்) வரும் அபாயம் 30 சதவீதம் அதிகம். ஆனால் அல்சைமர் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே மூளையில் தொடங்கிவிடுகிறது. அதுவே தூக்கத்தைக் கெடுக்கவும் செய்யும். எது முந்தியது என்று பிரிப்பது கடினம். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு வெளியிட்ட, டிமென்ஷியாவுக்கான மாற்றக்கூடிய 14 அபாயக் காரணிகளில் தூக்கம் சேர்க்கப்படவில்லை. எங்கள் அம்மாவும் குறட்டை விடுவாள். அதற்கும் அவள் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சில இரவுகளில் அதை நினைத்து அழுதிருக்கிறேன்.

மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தூக்கத்தில் மூச்சுப் பாதை அடைபடாமல் வைக்கும் சிபேப் மெஷினை ஒரு மாதம் வாடகைக்கு எடுத்தோம். முதல் இரவு நாற்பது நிமிடத்தில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டேன். காற்று முகத்தில் அடிக்க, யாரோ மூக்கைப் பிடித்த மாதிரி ஒரு திகில். அப்புறம் சாயங்காலம் விடைத்தாள் திருத்தும்போது அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு பழகினேன். தொண்டை வறண்டது, ஈரப்பதம் தரும் தொட்டியைச் சேர்த்ததும் சரியானது. ஓரத்தில் காற்று கசிந்து கண் எரிந்தது, சிறிய மாஸ்க் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாம் வாரத்தில் இரண்டு தடவை மெஷினைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பி, இவர் சமாதானம் பண்ணித் திரும்பினேன்.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் கனவு வந்தது. வருடக்கணக்காக எனக்குக் கனவு வந்த நினைவே இல்லை. கனவில் அம்மா கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். விழித்தபோது மணி 5.30. தலை கனக்கவில்லை. மெஷினின் திரையில் மணிக்கு 3 தடவை என்று காட்டியது.

ஆறு மாதம் கழித்து அதே சோதனையில் 28 வாங்கினேன். ஏற்கனவே எழுதிய பரிட்சை என்பதாலும் கொஞ்சம் கூடும் என்று மருத்துவர் சொன்னார். சரி, இருக்கட்டும். வகுப்பில் பெயர்கள் வருகின்றன.

போன வாரம் தம்பிக்குப் போன் போட்டேன். அவனும் எங்கள் அம்மா பிள்ளைதான், 49 வயது. "அக்கா, நான் கட்டையைப் போட்ட மாதிரி தூங்குறேன்" என்றான். அவன் மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வியாழக்கிழமை ராத்திரி அவனுக்கு ஸ்லீப் ஸ்டடி. நானும் கூடப் போகிறேன்.