மூச்சைப் பிடிக்காதீங்க

திருவான்மியூரில் வளர்ந்தவள் நான். லீவு விட்டால் வீடு தங்க மாட்டேன். ஏதாவது பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். மணலோடு வடக்கே நடந்தால் அடையாறு முகத்துவாரத்தில் உடைந்த பாலம் இருக்கும். 1977-இல் இடிந்தது, அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் விளிம்பில் நின்று அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று பார்ப்பேன். பட்டினப்பாக்கம்தான் இருக்கும். தெரியும், இருந்தாலும்.

அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினோரு வருடம் கிளெய்ம் ஃபைல்கள். முப்பத்தைந்து வயதில், தோழிகளோடு புதுச்சேரிக்குப் போன இடத்தில் விளையாட்டாக ஒரு ஸ்கூபா டைவ், முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில். மேலே வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "இதைச் சொல்லித்தரும் வேலைக்கு என்ன படிக்கணும்?"

நான் போனது பாடி (PADI) என்கிற சர்வதேச டைவிங் பயிற்சி அமைப்பின் வழி. "பாடி சர்ட்டிபிகேட் வாங்கப் போறேன்" என்றதும் அம்மா, "பாடியில ஏதுடி கடல்? அது அம்பத்தூர் போற வழியில்ல இருக்கு?" என்றாள். ஓபன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ, டைவ்மாஸ்டர் என்று ஒவ்வொரு படியாக முடித்த பிறகுதான் இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி. டைவ்மாஸ்டர் ஆக 60 டைவ், இன்ஸ்ட்ரக்டர் தேர்வில் உட்கார 100 டைவ், டைவ் கணக்கு எழுதும் லாக் புத்தகத்தில் இருக்க வேண்டும். கூடவே டாக்டர் கையெழுத்திட்ட மருத்துவப் படிவம், முதலுதவி சொல்லித்தரும் தகுதி.

சென்னையில் இருந்துகொண்டு 100 சேர்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அக்டோபரில் வாடைக்காற்று வந்தால் டிசம்பர் வரை கடல் நமக்கு இல்லை. மற்ற மாதங்களிலும் கலங்கல்தான். நீலாங்கரைக்கு வெளியே சில நாள் நீட்டிய கையின் விரல்கூடத் தெரியாது. படகோட்டும் அண்ணன், "இன்னிக்கு பார்ல தண்ணி தெளிவா இருக்கும்மா" என்றால் நான் முதலில் அழுத்தமானியைப் பார்ப்பேன். அவர் சொன்ன பார், கடலடியில் மீன் கூடும் பாறை. என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது தண்ணீரின் அழுத்தம் பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு பார் கூடும் என்கிற பாடம்.

டைவ்மாஸ்டர் நீச்சல் சோதனைகள்தான் என் பெண்டை நிமிர்த்தின. 400 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். 15 நிமிடம் ஒரே இடத்தில் மிதக்க வேண்டும், கடைசி 2 நிமிடம் கைகள் தண்ணீருக்கு மேலே. 800 மீட்டர் ஃபின்ஸும் (காலில் மாட்டும் துடுப்பு) ஸ்நார்க்கலும் (மூச்சு விடும் குழாய்) போட்டுக் காலை மட்டும் அடித்துப் போக வேண்டும். அசையாமல் கிடக்கும் ஒருவரை 100 மீட்டர் இழுத்துவர வேண்டும். கடைசியாக, தண்ணீருக்கடியில் ஒரே ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) மாறி மாறி மூச்சு வாங்கிக்கொண்டு இருவரும் உபகரணங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். வேளச்சேரி நீச்சல் குளத்தில் முதல் நாள் 400 மீட்டருக்கு எனக்கு 14 நிமிடம் ஆனது. ஐந்துக்கு ஒரு மதிப்பெண். மூன்று மாதம் காலை ஆறு மணிக்குப் போய் நீந்தி, பத்தரை நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன்.

இன்ஸ்ட்ரக்டர் பயிற்சிக்கு அந்தமான். கப்பலில் கிட்டத்தட்ட மூன்று நாள், அப்புறம் ஹேவ்லாக் தீவுக்கு ஃபெர்ரி. 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள், டைவர்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். அங்கே போய்ச் சேர்ந்த வாரமே ஜலதோஷம். புத்திசாலித்தனமாக மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினேன். இறங்கும்போது காது நன்றாகத் திறந்தது. ஆழத்தில் இருக்கும்போதே மாத்திரையின் வேகம் தணிந்து, ஏறும்போது உள்ளே மாட்டிய காற்று வெளியே வர வழியில்லாமல் காதைக் குடைந்து எடுத்துவிட்டது. இரண்டு வாரம் கரையில் உட்கார்ந்து எல்லாரும் போவதையும் வருவதையும் பார்த்தேன். சளி இருந்தால் இறங்காதீர்கள். அவ்வளவுதான்.

எழுத்துத் தேர்வில் இயற்பியல், உடலியல், உபகரணம் என்று ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். அது படித்தால் வந்துவிடும். பாடம் நடத்திக் காட்டுவதுதான் சிக்கல். உடன் பயில்பவர்களே மாணவர்களாக நடிப்பார்கள். யார் என்ன தப்புச் செய்வார்கள் என்பது நமக்குத் தெரியாது, கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். ஒத்திகையில் ஒருவர் மாஸ்கிலிருந்து தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து அவர் தோளுக்குப் பின்னால் ஓர் ஆமை. தட்டு அகலத்துக்கு ஓடு, அவசரமே இல்லாத நீச்சல். இரண்டு விநாடி இருக்கும், மூன்றுகூட இருக்கலாம். திரும்பிப் பார்த்தால் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தார். பயிற்சியாளர் ஸ்லேட்டில் எழுதிக் காட்டினார்: "ஆமை பாஸ். நீ ஃபெயில்."

நடிப்புதான் என்றாலும் அன்று இரவு தூக்கமில்லை. 10 மீட்டரில் இழுத்த மூச்சு, மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். அடைத்து வைத்தால் நுரையீரல் கிழியும். நீச்சல் குளத்து ஆழமே அதற்குப் போதும். இரண்டு நாள் நடந்த உண்மையான தேர்வில் நான் ஒரு மீனையும் பார்க்கவில்லை. பாஸ்.

இப்போது சென்னையில் குளத்தில் ஆரம்பப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் காசிமேட்டுத் தம்பி ஒருவன் வந்தான். அப்பாவோடு கடலுக்குப் போய் வளர்ந்தவன், நீச்சலில் என்னை ஓரங்கட்டிவிடுவான். ஆனால் ரெகுலேட்டரை வாயில் வைத்த பிறகும் குமிழியே வரவில்லை. நெஞ்சில் தட்டினேன், ஒரு கொத்துக் குமிழி வந்தது. அடுத்த நிமிடம் மறுபடி நின்றுபோனது. மேலே கூட்டிவந்து ஏன் என்று கேட்டேன்.

"மூச்சை விட்டா மீன் ஓடிடும்க்கா."

"தம்பி, இது நீச்சல் குளம்."

தலையைச் சொறிந்தான். சிரித்துக்கொண்டே மாஸ்கை இறக்கினான். நானும் இறங்கினேன், அவன் வாயோரத்தையே பார்த்துக்கொண்டு.