நின்ற நேரக் கணக்கு: பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸுக்குத் தயாராகும் கதை

என்னுடைய முதல் 600 கிலோமீட்டர் பிரவே (கொடுத்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) 41 மணி 10 நிமிடத்தில் முடிந்தது. அனுமதி 40 மணி நேரம். 2022 செப்டம்பர், ஞாயிறு ராத்திரி பதினொன்று பத்து, தாம்பரம். வழியில் முத்திரை குத்திய கார்டை வாங்கிப் பார்த்த தன்னார்வலர் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "ஓட்டி முடிச்சிட்டீங்கல்ல, அதுவே பெரிய விஷயம்" என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். டீ நன்றாகத்தான் இருந்தது. கார்டில் கையெழுத்து விழவில்லை.

பிரவே என்றால் பந்தயம் இல்லை. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் எல்லோருக்கும் ஒரே மரியாதை. கொடுத்த நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கிலோமீட்டருக்கு பதிமூன்றரை மணி, 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தால் அதற்குப் பெயர் எஸ்ஆர், சூப்பர் ராண்டனர். அந்த எஸ்ஆர் கையில் இருந்தால்தான் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் வாசலில் நிற்கவே விடுவார்கள். எங்கள் கூட்டத்தில் அதை பிபிபி என்போம். நான்கு வருஷத்துக்கு ஒரு முறை வரும். 2023 ஆகஸ்ட் 20-ல் பாரிஸுக்குத் தென்மேற்கே உள்ள ராம்பூயே ஊரில் புறப்பட்டு, அட்லாண்டிக் கரையில் இருக்கிற ப்ரெஸ்ட் வரை போய், அதே ராம்பூயேவுக்குத் திரும்ப வேண்டும். 1219 கிலோமீட்டர், 90 மணி நேரம். 1891-ல் இது நிஜப் பந்தயமாகத்தான் தொடங்கியது. முதல் முறை ஜெயித்த சார்ல் தெரோன் தூங்காமல் ஓட்டி 71 மணி நேரத்தில் வந்தார். கியர் இல்லாத சைக்கிள், தார் காணாத சாலை. அதை நினைத்தால் 90 மணி நேரம் தாராளம்போலத் தோன்றும். தோன்றும், அவ்வளவுதான்.

தோற்றுப்போன மறுநாள் ஜிபிஎஸ் பதிவை எடுத்துப் பார்த்தேன். சக்கரம் சுற்றிய நேரம் 27 மணி 40 நிமிடம். மீதி பதின்மூன்றரை மணி நேரம் நான் நின்றிருக்கிறேன். அதில் தூக்கம் மூன்று மணி. பாக்கி பத்தரை மணி எங்கே போனது? வரைபடத்தில் ஒவ்வொரு நிறுத்தமாகத் தொட்டுப் பார்த்து நோட்டில் எழுதினேன். விக்கிரவாண்டியில் சாப்பாடு, 1 மணி 20 நிமிடம். நண்பனின் பஞ்சர், 50 நிமிடம். லாரி டயர் வெடித்துச் சிதறும்போது முடி மாதிரி ஒரு கம்பி சாலையோரத்தில் கிடக்குமே, அது. டியூபை மாற்றினோம், கம்பி டயருக்குள்ளேயே இருந்ததால் பத்து கிலோமீட்டரில் மறுபடியும் காற்று போனது. பெரம்பலூர் தாண்டி ஏடிஎம்மில் 25 நிமிடம்: கட்டுப்பாட்டு இடத்துக்கு, அதாவது வந்து போனதைக் காட்ட வேண்டிய இடத்துக்கு, ஆதாரமாக அந்த ரசீதுதான் கேட்டிருந்தார்கள், இயந்திரத்தில் பேப்பர் இல்லை, இன்னொரு ஏடிஎம் தேடிப் போனோம். இதெல்லாம் புரிகிறது. ஆனால் 'ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்' என்ற வகையில் மட்டும் பதினோரு நிறுத்தம். ஒன்றுகூட இருபது நிமிடத்துக்குக் குறைவில்லை. எழுதி முடித்ததும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஒரு வருஷமாக நான் வேகத்துக்குத்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன்.

2022-ல் 400 வரை முடித்தது வீணாகவில்லை. முந்தைய வருஷத்தில் எவ்வளவு நீளமான பிரவே முடித்திருக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் பிபிபி முன்பதிவு திறக்கும். ஆயிரம் ஓட்டியவர்கள் முதலில், அப்புறம் 600, அப்புறம் நாங்கள். இடம் கிடைத்தது. ஆனால் அது பெயரை எழுதி வைத்த இடம் மட்டுமே. எஸ்ஆர் முடிக்காவிட்டால் காலி.

ஆக, 2023-க்கு ஒரே ஒரு பயிற்சித் திட்டம் போட்டேன்: உட்காராமல் இருப்பது. கடையில் நின்றால் கைக்கடிகாரத்தில் பத்து நிமிடம் வைப்பேன். ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. கழற்றினால் அடுத்து கையுறை, அடுத்து ஷூ, அப்புறம் நாற்காலி. தண்ணீர் பிடிப்பது, பாத்ரூம், கார்டில் முத்திரை, மூன்றும் ஒரே நிறுத்தத்தில். சாப்பாட்டுக்குத் தயிர்சாதம். நன்றாகக் குழைத்து, உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் அடைத்துப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொள்வேன். பசிக்கும்போது மூலையைப் பல்லால் கடித்துப் பிதுக்கினால் போதும், ஓட்டிக்கொண்டே சாப்பிடலாம். பார்க்கச் சகிக்காது. வீட்டில் ஒரு தடவை செய்து காட்டினேன், அம்மா எழுந்து போய்விட்டார்.

ஜனவரியில் 200, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போய்த் திரும்புவது. அந்த மாதம் வடகிழக்குக் காற்று. போகும்போது யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கும், நாம் பெரிய ஆள் என்று தோன்றும். திரும்பும்போது கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். உப்பளம் பக்கம் 15-க்கு மேல் வேகம் ஏறவில்லை. பத்து மணி நேரத்தில் முடித்தேன். 300, 400 பற்றிச் சொல்ல அதிகமில்லை. 400-ல் இடது கை சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய் ஒரு வாரம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஹேண்டில்பார் பட்டையை இரண்டு சுற்றாகச் சுற்றியபிறகு பரவாயில்லை.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இந்த உட்காராத விரதத்தால் கூட வருகிறவர்களை இழந்தேன். எட்டு வருஷமாகச் சேர்ந்து ஓட்டுகிற நண்பன், 300-ல் அவன் பொங்கல் சாப்பிட்டு முடிப்பதற்குள் நான் கிளம்பிவிட்டதை இன்னும் சொல்லிக் காட்டுகிறான். "நீ சைக்கிள் ஓட்ட வரல, பஸ் பிடிக்க வந்திருக்க" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

மார்ச்சில் மறுபடியும் அதே 600, தாம்பரம்–திருச்சி–தாம்பரம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. இரவு எட்டரைக்குப் பெரம்பலூர் பைபாஸ் ஓரம் ஒரு டீக்கடை. பிரதிபலிக்கும் மேல்சட்டையும் தலையில் விளக்குமாக நான் நிற்பதைக் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கிருந்து தம்பி வர்றீங்க?"

"மெட்ராஸ்ண்ணே."

"சைக்கிள்லயேவா? சமயபுரத்துக்கு வேண்டுதலா?"

போன வருஷமாக இருந்தால் பிரான்ஸ், பிரவே, 40 மணி நேரம் எல்லாம் விளக்கியிருப்பேன், அவரும் கேட்டிருப்பார், அரைமணி போயிருக்கும். "ஆமாண்ணே" என்றேன். டீக்குக் காசு வாங்கவில்லை. "அம்மாகிட்ட எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்குங்க" என்று ஒரு வாழைப்பழத்தையும் கையில் வைத்தார். நின்றது ஏழு நிமிடம். அடுத்த நாற்பது கிலோமீட்டரும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. சமயபுரம் திருப்பம் வந்தபோது சைக்கிளை நிறுத்தி, சாலையிலிருந்தே கோபுர வெளிச்சம் இருக்கும் திசையைப் பார்த்து அவருக்காக ஒரு கும்பிடு போட்டேன். அதுவும் ஒரு நிமிடம்தான், நோட்டில் எழுதியிருக்கிறேன்.

திருச்சியில் லாட்ஜில் மூன்று மணி நேரத் தூக்கம். இரண்டேகாலுக்கு மறுபடியும் சாலை. அதிகாலை நான்கு முதல் ஐந்து வரைதான் மோசம். வெள்ளைக்கோடு இரண்டாகத் தெரிந்தது. சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு ஓட்டினேன், பதினேழாம் வாய்ப்பாட்டில் முழிப்பு வந்துவிடும். பகலில் உளுந்தூர்பேட்டை தாண்டியதும் வெயில். தார் அனல் முழங்காலில் அடித்தது. ஒரு பெட்ரோல் பங்கில் கேட்டு, குழாயை அப்படியே தலையில் பிடித்துக்கொண்டேன். அங்கே மட்டும் 40 நிமிடம் விதியை மீறி நிழலில் கிடந்தேன். அது தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

இரவு எட்டு பத்துக்குத் தாம்பரம். 38 மணி 10 நிமிடம். ஓடிய நேரம் 27 மணி 55 நிமிடம், போன தடவையைவிடக் கால்மணி அதிகம். அதாவது நான் வேகமாக ஓட்டவே இல்லை. நின்ற நேரம் மட்டும் பதின்மூன்றரையிலிருந்து பத்தேகாலாகக் குறைந்திருந்தது.

இனி பிரான்ஸ் கணக்கு. அங்கே பெரிய மலை எதுவும் கிடையாது. பாதையின் உயரமான இடமான ரோக் ட்ரெவெசெல் 400 மீட்டரைக்கூடத் தொடாது. நம் ஏற்காடு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஆனால் சமவெளியும் கிடையாது. ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம் என்று நாலு நாளும். கூட்டினால் ஏறக்குறைய 12,000 மீட்டர். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை மூன்று முறை ஏறிப் பார்த்துவிட்டு, இது வேறு வித்தை என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதில் கிருஷ்ணகிரி–ஓசூர் சாலை, அது கிடைக்காத வாரங்களில் விடியற்காலை ஆளில்லாத மேம்பாலம். ஒரே பாலத்தில் நாற்பது தடவை ஏறி இறங்கினால் காவலுக்கு நிற்கிற போலீஸ்காரருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அங்கே என் வேகம் 18-க்கு இறங்கும் என்று வைத்தால் 1219 கிலோமீட்டருக்கு 68 மணி. மீதி 22 மணி நேரம். அதில்தான் தூக்கம், சாப்பாடு, கட்டுப்பாட்டு இடங்களின் வரிசை எல்லாம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கிளம்புகிறார்கள். சாப்பாட்டு வரிசையில் அரைமணி நிற்பது சர்வ சாதாரணம் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். தவிர 90 மணிக்காரர்களுக்குப் புறப்பாடு ஞாயிறு மாலை. பகல் முழுக்கக் காத்திருந்துவிட்டு, முதல் ராத்திரியைத் தூங்காமல் ஓட்ட வேண்டும். 90-க்குப் பதில் 84 மணி நேரக் கெடுவைத் தேர்ந்தெடுத்தவர்கள் திங்கள் விடியற்காலையில் தூங்கி எழுந்து கிளம்புவார்கள். அந்த ஆறு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

எனக்கு நிஜமாகவே பயம் குளிர்மேல்தான். 2019-ல் போய், பாதியில் திரும்பிய ஓர் அண்ணன், "காலு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி, விரல்தான் பிரேக்கைப் பிடிக்கல" என்றார். ஆகஸ்டில்கூட ப்ரெஸ்ட் இருக்கிற பிரிட்டனி பக்கம் ராத்திரி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். சென்னைக்காரனுக்கு 20 டிகிரியே ஸ்வெட்டர். அதனால் ஜனவரி கடைசியில் ஊட்டி போனேன். விடியற்காலை ஐந்து மணி, புல்லில் உறைபனி. அங்கிருந்து கோத்தகிரி பாதையில் இறக்கம். பத்தாவது நிமிடத்தில் அந்த அண்ணன் சொன்னது புரிந்தது. வலது கையால் பிரேக் பிடிக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. திறந்திருந்த ஒரே பெட்டிக்கடையில் நேற்றைய தினத்தந்தி கேட்டேன். நான்காய் மடித்து ஜெர்சிக்குள் நெஞ்சில் வைத்ததும் காற்று அப்படியே நின்றது. இரண்டு ஜோடி கையுறை, உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே மழைக்கானது. பிரெஞ்சுப் பேப்பரும் அதே வேலையைச் செய்யும் என்று நம்புகிறேன்.

இன்றைக்கு 2023 ஆகஸ்ட் 12. விசா வந்துவிட்டது, கடைசி வாரம் வரை இழுத்தார்கள், அதைப் பற்றி எழுதினால் தனிக் கதை. சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் அடைத்தாயிற்று. பெடலைக் கழற்ற இடது பக்கம் எதிர்த்திசையில் திருக வேண்டும் என்பதை மறந்து கால்மணி நேரம் போராடியதையும் நோட்டில் எழுதிவிட்டேன். பாதையில் இருக்கிற லூடியாக் ஊரில் கிடைக்கிற மாதிரி அனுப்பும் பையில் மாற்று உடை, டியூப், இரண்டாவது விளக்கு. அம்மா கொடுத்த பருப்புப்பொடி டப்பா, ஒரு கிலோ.

வீட்டு எடை மெஷினில் பெட்டி 24 கிலோ 300 கிராம். அனுமதி 23. டூல் பையைக் கைப்பையில் விடமாட்டார்கள். மாற்று டயரை எடுத்து வைத்தேன், 23.900. மெஷினுக்குப் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"பொடியை எடும்மா" என்றேன்.

"அங்க நாலு நாள் ரொட்டியை வெறும் வாயிலயா திம்ப?" என்று கேட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து என் இரண்டு ஜோடி ஷூவில் ஒரு ஜோடியை வெளியே வைத்தார். 22.950.