ஓரியூர்: போட்ட கணக்கும் போன வழியும்

வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எத்தனை மணிக்குச் சரக்கு இறங்கும் என்று எழுதி வைப்பதுதான் பதினெட்டு வருஷமாக என் பிழைப்பு. மதுரையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். அந்தப் புத்தியோடுதான் அம்மாவை அருளானந்தர் திருத்தலமான ஓரியூருக்குக் கூட்டிப்போகவும் கணக்குப் போட்டேன். காலை 6 மணிக்குத் தொண்டி பஸ், திருவாடானையில் இறங்கி மாறி, பத்து மணிக்குள் ஓரியூர், பூசை, சாப்பாடு. சாயங்காலம் 5.30க்கு இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் கோயில். ஒவ்வொன்றுக்கும் செல்லில் அலாரம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"ஆண்டவருக்குச் சித்தமானா பாப்போம்ய்யா" என்றாள்.

இந்த வார்த்தை எனக்குச் சின்ன வயசிலிருந்தே எரிச்சல். பள்ளிக்கூட ஃபீஸ் கேட்டாலும் அதுதான் பதில், கிறிஸ்துமஸுக்குச் சட்டை கேட்டாலும் அதுதான். காசில்லை என்பதற்குச் சித்தம் என்று பேர் வைத்திருக்கிறாள் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது பைபிளில் யாக்கோபு திருமுகம் நாலாம் அதிகாரத்தில் இருக்கிற வார்த்தை என்பது பிற்பாடுதான் தெரியும். இன்றைக்கோ நாளைக்கோ இன்ன ஊருக்குப் போவோம், வியாபாரம் செய்வோம், லாபம் பார்ப்போம் என்று பேசுகிறவர்களைப் பார்த்துச் சொன்னது. புக்கிங் ஆபீஸ்காரனுக்கென்றே எழுதியது போல இருக்கும்.

காளையார்கோவில் தாண்டியதும் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது. மற்ற நட்டெல்லாம் வந்துவிட்டது, ஒன்று மட்டும் அசையவே இல்லை. டிரைவர் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தார். கண்டக்டர் அவர் விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் கடிகாரத்தையும் அந்த நட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சீமைக்கருவேல நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்து செபமாலையை எடுத்துவிட்டாள்.

"பூசை போச்சும்மா."

"காலையிலயே இன்னைய நாளை ஒப்புக்கொடுத்தாச்சுல்ல. இதுவும் அதுல சேர்த்திதான்."

எழுந்ததும் அன்றைய செபம், வேலை, சந்தோஷம், துன்பம் எல்லாவற்றையும் ஒப்புக்கொடுக்கிற செபத்தைச் சொல்கிறாள். அந்தப் பழக்கம் பரவியதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1844இல் பிரான்ஸில் வால்ஸ் என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்த இளம் சேசு சபைத் துறவிகள், அவர்கள் சபை மதுரைப் பக்கம் நடத்திய வேதப் பணியான மதுரை மிஷனிலிருந்து வந்த சேதிகளைக் கேட்டுவிட்டு, எப்போது கப்பல் ஏறுவோம் என்று படிப்பில் மனசு ஒட்டாமல் தவித்தார்கள். கொத்ரெலே என்ற குரு அவர்களிடம், இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது படிப்பு, அதையே மிஷனுக்காக ஒப்புக்கொடுங்கள் என்றாராம். நாளை இப்படி ஒப்புக்கொடுத்துச் செபிக்கிற செப அப்போஸ்தலத்துவம் என்ற இயக்கம் பிறந்தது அப்படித்தான். மதுரைக்கு வர வண்டி கிடைக்காதவர்கள் ஆரம்பித்தது!

ஓரியூர் சேரும்போது பன்னிரண்டரை. பூசை முடிந்து பந்தலடியில் செருப்புகள்கூடக் குறைந்துவிட்டன.

1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன் அன்று இந்த மண்ணில்தான் அருளானந்தரின் தலை விழுந்தது. அவர் சொந்தப் பேர் ஜான் டி பிரிட்டோ, சேசு சபைக் குரு; லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்து, இந்த மறவர் நாட்டில் பண்டாரசாமி என்ற உள்ளூர்த் துறவி வேஷத்தில் காவி கட்டி நடந்தவர். 1686இல் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, சாவுக்குத் தயாராகிவிட்ட நேரத்தில் மறவர் நாட்டு அரசரான சேதுபதி விட்டுவிட்டார். பிறகு சபைப் பெரியவர்கள் ஐரோப்பாவுக்குப் போகச் சொன்னார்கள், போனார். சின்ன வயசுத் தோழரான போர்த்துக்கல் அரசர் அங்கேயே இருந்துவிடச் சொன்னபோது மட்டும் கேட்கவில்லை. 1690இல் திரும்பி வந்துவிட்டார்.

எனக்கு இந்த இடம்தான் பிடிபடாமல் இருந்தது. போகச் சொன்னால் போகிறவர், இருக்கச் சொன்னால் ஏன் இருக்கவில்லை? திருவுளம் என்றால் யார் எந்தப் பக்கம் தள்ளினாலும் சாய்வது என்று நான் நினைத்திருந்ததுதான் தப்பு. அரசர் கொடுத்த சௌகரியத்தை அவர் கடவுள் சித்தம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டப்படுவதற்கு முந்தின நாள் சிறையிலிருந்து கரியைத் தண்ணீரில் கரைத்துக் கடிதம் எழுதியிருக்கிறார். புலம்பல் இல்லாத கடிதம்.

அவர் இரத்தம் பட்டுச் சிவந்தது என்று சனங்கள் நம்புகிற மண்ணை அம்மா முழங்காலிட்டு எடுத்து நெற்றியில் பூசினாள். எடுத்த டிக்கெட்டிலேயே ஒரு பிடி மடித்துக்கொண்டாள். எனக்கும் கட்டைவிரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

"கிளம்பினா ரெண்டே கால் பஸ்ஸப் பிடிச்சிரலாம்" என்றேன். மரத்தடியில் ஒரு குடும்பம் பேரனுக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்தது. நெற்றி நிறையத் திருநீறு, சாமி அருளானந்தர். இந்தப் பக்கம் அது சாதாரணம். பிள்ளை கத்திய கத்தலில் நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அம்மா போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கி, செபமாலையை அவன் கையில் கொடுத்தாள். சிலுவையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு சும்மா இருந்தான். அரைத் தலை, பிறகு முழுத் தலை. சந்தனம் தடவி, நெற்றியில் ஒரு துளி செம்மண்.

"கெடாக்கறி வெந்துருச்சு. சாப்பிடாமப் போனா எங்க நேர்த்திக்கடன் நெறவேறாது தம்பி" என்றார் பிள்ளையின் அப்பத்தா. "யக்கா, நீங்க சொல்லுங்க."

அம்மா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. இலை போட்டாயிற்று. ரெண்டே கால் பஸ் அந்தப் பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எலும்பு ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தது, இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். சருகணி தாண்டும்போது சட்டைப் பையில் அலாரம் அடித்தது. 'இடைக்காட்டூர் சேருதல், 5.30.' அவள் முழித்துவிடுவாளோ என்று அவசரமாகத் தொட்டு அணைத்தேன். கண்ணாடியில் கட்டைவிரல் ரேகை சிவப்பாகப் பதிந்தது.