கல்யாணம் துபாயில், கேஸ் எங்கே?

2017 செப்டம்பரில் ஹைதராபாத்தில் ஓமன், கத்தார் நாட்டு ஷேக்குகளைப் போலீஸ் பிடித்தது நினைவிருக்கலாம். கூடவே தரகர்களும், நிக்காஹ் நடத்திவைக்கும் காஜிகளும் மாட்டினார்கள். தாத்தா வயதில் மாப்பிள்ளை, பள்ளிக்கூட வயதில் பெண்.

சட்டப்படி பார்த்தால் அது எளிதான கேஸ்தான். குற்றம் இந்திய மண்ணில் நடந்தால், யார் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் விசாரணை இங்கேதான். ஜாமீனில் ஊருக்குப் பறந்துவிட்டால்தான் தலைவலி. வளைகுடா நாடுகள் பொதுவாகத் தங்கள் குடிமக்களை ஒப்படைப்பதில்லை.

பெண்ணை விசிட் விசாவில் கூட்டிப்போய் அங்கே கட்டிவைத்தால்? 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வெளிநாட்டிலுள்ள இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும். முதல் பிரிவிலேயே இருக்கிறது. அப்பா தப்ப முடியாது. (அம்மா மீதும் வழக்கு வரும், சிறை மட்டும் கிடையாது.) ஆனால் வெளிநாட்டில் நடந்த குற்றத்தை இங்கே கோர்ட்டில் விசாரிக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 188ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 208ஆம் பிரிவு. அந்த ஃபைல் நகர்வதற்குள் பெண்ணுக்கே பிள்ளை பிறந்துவிடும்!

அதனால் விவரமான வக்கீல் தரகர் செய்த வேலையை வைத்து வழக்கை நடத்துவார். பேரம், முன்பணம், போலி வயதுச் சான்று எல்லாம் இங்கே நடந்ததுதானே? குற்றத்தின் ஒரு பகுதி இந்தியாவில் நடந்திருந்தால் அந்த அனுமதியே தேவையில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விமானம் ஏறும் முன்பே தகவல் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடியுங்கள். மாஜிஸ்திரேட் அதே 2006 சட்டத்தின் 13ஆம் பிரிவில் தடை போடலாம். மீறி நடந்த கல்யாணம் செல்லாது.