என் முதல் பேஸ் இன்னும் மேடையில்

கற்றுக்கொள்ள வாங்கிய அதே விலை குறைந்த பேஸ் கிட்டாரைத்தான் இன்றைக்கும் மேடையில் வாசிக்கிறேன். நல்லதாக ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் இருப்பதை முதலில் செட்டப் செய்து, அதாவது வாசிக்க வாகாகச் சரிசெய்து பாருங்கள். புதிதாக வந்தபோது கம்பிகள் ஃபிரெட்டை (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டைகள்) விட்டு எங்கேயோ உயரத்தில் நின்றன, விரல் நோகும். புதுக் கம்பி மாட்டி, கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நெக்கின் வளைவைச் சரிசெய்து, பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடில்களை இறக்கி, 12ஆவது ஃபிரெட்டில் அழுத்தும் சுரமும் அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும் ஒன்றாகும்வரை இன்டொனேஷன், அதாவது சுரச் சுத்தம், பார்த்தேன். அப்புறம் அது வேறு கருவி! ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம், 34 அங்குலம், 1951இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கொண்டுவந்த அதே அளவுதான்.

உண்மையான பலவீனம் கேபிளைச் செருகும் ஜாக். ஒரு நிகழ்ச்சியில் பாட்டின் நடுவே சத்தம் அறுந்துபோனது. நட்டு தளர்ந்து, ஜாக் சுற்றிச் சுற்றி, உள்ளே வயரைப் பிடித்திருந்த சாலிடர் ஒட்டு விட்டிருந்தது. தரமான ஜாக் போட்டுவிட்டேன். இப்போது கேபிளை ஸ்ட்ராப்புக்குள் நுழைத்த பிறகுதான் செருகுகிறேன், யார் மிதித்தாலும் இழுபடாது. கிக் டிரம்மோடு என் தடித்த இ (E) கம்பி சேர்ந்து விழும்போது மேடைப் பலகையே அதிர்கிறது, அந்தச் சுகத்துக்கு விலைச்சீட்டு தெரியாது. சரி, கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ஒரு டியூனிங் கீ லூசாக இருக்கிறது, அடுத்த நிகழ்ச்சிக்குள் மாற்ற வேண்டும்.