பெயர் அல்ல, எண்: புதிய சர்வரில் பயனர் கணக்குகளைத் திறந்த அனுபவம்

பழைய லினக்ஸ் சர்வருக்கு ஓய்வு கொடுத்து, புதியதில் லினக்ஸின் ஒரு வகையான டெபியனை நிறுவியதும், குழுவில் உள்ள எல்லோருக்கும் பயனர் கணக்கு திறக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. திரையில் அழுத்துவதற்குப் பட்டன் எதுவும் இல்லை. முனையமும் கட்டளைகளும் மட்டும்தான்.

பழைய வட்டிலிருந்து கோப்புகள் ஏற்கெனவே நகலாகி வந்திருந்தன. 'எல்எஸ்' கட்டளையில் நீள்பட்டியல் கேட்டுப் பார்த்தேன். உரிமையாளரின் பெயர் வர வேண்டிய இடத்தில் 1003, 1007 என்று வெறும் எண்கள் நின்றன. இந்த வேலையின் சாரமே அந்த எண்களில்தான் இருக்கிறது. யூனிக்ஸ் வகை அமைப்புகளில் கோப்போடு சேர்த்துப் பதிவாவது உரிமையாளரின் பெயர் அல்ல, யுஐடி என்ற எண். 'இடிசி' அடைவில் (கோப்புறையில்) இருக்கும் பாஸ்வேர்ட் கோப்பைப் பார்த்துத்தான் எந்த எண் யாருடையது என்று அமைப்பு சொல்கிறது. டெபியனில் சாதாரணப் பயனர்களின் எண் 1000-இலிருந்து தொடங்கும். கைக்கு வந்த வரிசையில் கணக்குகளைத் திறந்திருந்தால், ஒருவருடைய கோப்புகள் சத்தமில்லாமல் இன்னொருவருக்குச் சொந்தமாகியிருக்கும்.

ஆகவே முதலில் பழைய பாஸ்வேர்ட் கோப்பை நிதானமாகப் படித்தேன். ஒரு பயனருக்கு ஒரு வரி. அரைப்புள்ளி போன்ற எதுவும் இல்லாமல் முக்காற்புள்ளியால் மட்டுமே பிரிக்கப்பட்ட ஏழு புலங்கள். பெயர், கடவுச்சொல் இருந்த இடத்தில் ஓர் 'எக்ஸ்', யுஐடி, முதன்மைக் குழுவின் எண், குறிப்பு, பயனரின் சொந்தக் கோப்புகளுக்கான வீட்டு அடைவு, அவர் தரும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல். பெயரில் பாஸ்வேர்ட் இருந்தாலும் கடவுச்சொல் இங்கே இல்லை. அதன் ஹாஷ், அதாவது திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றிய வடிவம், சாதாரணப் பயனர்கள் திறக்க முடியாதபடி காக்கப்படும் 'ஷேடோ' கோப்பில் இருக்கிறது.

டெபியனில் 'ஆட்யூசர்', 'யூசர்ஆட்' என இரண்டு கட்டளைகள் உண்டு. முன்னது கேள்வி கேட்டு வழிநடத்தும். ஓரிருவருக்கு அதுவே வசதி. நான் 'யூசர்ஆட்' கட்டளையை எடுத்துக்கொண்டேன். கட்டளைகளின் தொகுப்பான ஸ்கிரிப்டில் எழுதி வைக்கலாம், பெரும்பாலான லினக்ஸ்களில் கிடைக்கும். ஆனால் அதனிடம் எதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கட்டளையோடு சிறிய 'எம்' சுவிட்ச் (கூடுதல் தெரிவு) கொடுக்காவிட்டால் டெபியனில் வீட்டு அடைவு உருவாகாது. 'எஸ்' கொடுத்து பாஷ் ஷெல் வேண்டும் என்று சொல்லாவிட்டால் எளிய 'எஸ்எச்' ஷெல்தான் கிடைக்கும். முதலில் 'குரூப்ஆட்' மூலம் பழைய எண்களிலேயே குழுக்களை உருவாக்கினேன். பிறகு ஒவ்வொருவரையும் 'யு' சுவிட்சில் அவரவர் பழைய எண்ணோடு சேர்த்தேன்.

கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதவில்லை. ஓடும் நிரல்களின் பட்டியலில் அது மற்றவர் கண்ணில் படக்கூடும். 'பாஸ்வேர்ட்' கட்டளையால் தற்காலிகமாக ஒன்றை அமைத்து, 'சேஜ்' கட்டளையில் 'டி' சுவிட்சுக்கு 0 கொடுத்தேன். முதல் நுழைவிலேயே அவர்கள் அதை மாற்றியாக வேண்டும்.

கூடுதல் குழுக்களில் சேர்க்கும்போது மிகுந்த கவனம் தேவை. 'யூசர்மாட்' கட்டளையில் பெரிய 'ஜி' மட்டும் கொடுத்தால், அந்தப் பட்டியலில் இல்லாத மற்றக் கூடுதல் குழுக்களிலிருந்து பயனர் நீக்கப்படுவார். சுடோ குழுவில் இருப்பவருக்கு அப்படி நேர்ந்தால் நிர்வாக உரிமையே போய்விடும். சிறிய 'ஏ' உடன் இருக்க வேண்டும். மாற்றம், அவர் வெளியேறி மீண்டும் நுழைந்த பிறகே பலிக்கும்.

கடைசியாக, 'ஃபைண்ட்' கட்டளையில் 'நோயூசர்' கொடுத்து, உரிமையாளர் இல்லாத கோப்புகளைத் தேடினேன். 1011 என்ற எண்ணில் கொஞ்சம் அகப்பட்டன. குழுவை விட்டுப் போன ஒருவருடையவை. 1010-தான் அப்போது இருந்ததிலேயே பெரிய எண் என்பதால், அடுத்து வருபவருக்கு 'யூசர்ஆட்' தானாகவே 1011-ஐக் கொடுத்திருக்கும். அந்தக் கோப்புகளும் அவருக்குப் போயிருக்கும். எனவே அதே எண்ணில் ஒரு கணக்கு திறந்து, ஷெல்லாக, யாரையும் உள்நுழைய விடாத 'நோலாகின்' அமைத்து, கடவுச்சொல் எதுவும் கொடுக்காமல் பூட்டிய நிலையிலேயே விட்டிருக்கிறேன்.